கொழும்பில் தினமும் ஓடும் வேகக் காருக்குப் புது டயர்: வாங்குவதும் மாட்டுவதும்

டயர்க் கடைக்குப் போவதற்கு முன்னால் காரைச் சுற்றி ஒரு தடவை குனிந்து பாருங்கள். நின்றபடி பார்த்தால் எல்லா டயரும் நல்ல டயராகத்தான் தெரியும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்துவிட்டு, முன் சில்லின் உட்பக்க விளிம்பில் விரலை ஓட்டுங்கள். வெளிப்பக்கம் புதிது போல இருக்க, உட்பக்கம் கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்த டயர்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒரு சோடி என்னுடையது.

என்னிடம் இருப்பது லான்சர் எவல்யூஷன் 10. வெள்ளவத்தையில் இருந்து பத்தரமுல்லைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். மாதத்தில் ஒன்றிரண்டு தடவை கொட்டாவையில் அதிவேக வீதியில் ஏறி காலிப் பக்கம் போவேன். மற்ற நாளெல்லாம் காலி வீதி நெரிசல், வெட்டி மூடிய பள்ளம், மழை. சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ்., கோல்ஃப் ஜி.டி.ஐ., சிவிக் டைப் ஆர் என்று புதிதாக வாங்கிய தம்பிமார் "அண்ணே, இதுக்கு என்ன டயர் போடலாம்?" என்று கேட்பார்கள். கேட்கும்போதே ஒரு பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். பெயர் கடைசியில் வர வேண்டிய விஷயம். அதற்கு முன் சில வேலைகள் இருக்கின்றன.

மாற்ற வேண்டுமா, வேண்டாமா?

டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். தேய்மானம் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் மீதி ஆழம் 1.6 மில்லிமீற்றர், அதோடு டயரின் கதை முடிந்தது. ஆனால் கொழும்பில் அதுவரை காத்திருப்பது சரியில்லை என்பது என் கருத்து. இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 2400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அகலமான டயர் நீரின் மேல் சுலபமாக மிதக்கும். 245 அகல டயரில் பள்ளத்தின் ஆழம் குறையக் குறைய, தேங்கிய நீரில் ஸ்டியரிங் திடீரென்று எடை இழந்து போவதைக் கையிலேயே உணரலாம். நான் 3 மில்லிமீற்றரில் மாற்றிவிடுவேன். முடிந்தால் மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை பிடிப்பதற்கு முன்பே.

ஆழம் அளக்கும் சின்னக் கருவி மலிவாகக் கிடைக்கும். ஒவ்வொரு டயரிலும் உள்ளே, நடுவே, வெளியே என்று மூன்று இடத்தில் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் எலைன்மென்ட், அதாவது சில்லுகள் நிற்கும் கோணம், பிழை. அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதையும் அதே வழியில் அனுப்பிவைப்பீர்கள்.

அப்புறம் பக்கச் சுவர். எனக்கு இதுவரை தேய்ந்து முடிந்து போன டயரை விட, வயிறு வீங்கிப் போன டயர்தான் அதிகம். மழை நேரத்தில் தண்ணீர் நிறைந்த வீதிப் பள்ளம் பள்ளமாகவே தெரியாது. சில்லு உள்ளே விழும்போது பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் டயர் நசுங்கி, உள்ளே இருக்கும் நூல்கள் அறும். அறுந்த இடத்தில் காற்று ரப்பரைத் தள்ளிக்கொண்டு நெல்லிக்காய் அளவில் வெளியே வரும். அதை ஒட்ட முடியாது, ஒட்டித் தருகிறேன் என்பவரை நம்பவும் கூடாது. அந்த டயரோடு அதிவேக வீதியில் ஏறவே வேண்டாம்.

சுவரில் எழுதியிருப்பதை வாசியுங்கள்

என் காரில் இருப்பது 245/40 ஆர்18 97 ஒய். 245 என்பது மில்லிமீற்றரில் அகலம். 40 என்பது சுவரின் உயரம், அகலத்தின் 40 வீதம். அதாவது 98 மில்லிமீற்றர். 18 என்பது ரிம்மின் அங்குலம். 97 என்பது பாரக் குறியீடு, ஒரு டயர் 730 கிலோ தாங்கும். 93 என்றால் 650 கிலோ. ஒய் என்பது வேகக் குறியீடு: மணிக்கு 300 கிலோமீற்றர். டபிள்யூ 270, வி 240, எச் 210.

"நம்ம அதிவேக வீதியிலேயே 100தானே எல்லை, எச் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கு நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்த எழுத்து வேகத்தை மட்டும் சொல்லவில்லை. டயரின் உள்கட்டு எவ்வளவு இறுக்கம், சூட்டை எவ்வளவு தாங்கும் என்பதும் அதற்குள் இருக்கிறது. கனத்த, பலமான பிரேக் உள்ள கார் மெத்தென்ற டயரில் நிற்கும்போது முன்பக்கம் நெளிவது தெரியும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ள அளவுக்கும் குறியீட்டுக்கும் கீழே இறங்காதீர்கள். பாரக் குறியீட்டில் இது இன்னும் முக்கியம்.

ஐரோப்பியக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. சுவரில் நட்சத்திரம் இருந்தால் பி.எம்.டபிள்யூ.வுக்காகச் சரிசெய்த டயர், எம்.ஓ. என்றால் மெர்சிடிஸ், ஏ.ஓ. என்றால் அவுடி, என் என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால் போர்ஷே. கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் தலையில் கைவைக்க வேண்டாம். பி.எம்.டபிள்யூ.வில் வரும் ரன்ஃபிளாட் டயர் காற்றுப் போன பிறகும் 80 கிலோமீற்றர் வேகத்தில் சுமார் 80 கிலோமீற்றர் ஓடும். ஆனால் அதன் சுவர் கல்லு மாதிரி. நம் வீதியில் அந்த அடியெல்லாம் ரிம்முக்கும் உங்கள் முதுகுக்கும் போகும். சாதாரண டயருக்கு மாறி, டிக்கியில் ஒரு பஞ்சர் கிட்டும் சின்னக் காற்றுப் பம்பும் வைத்துக்கொள்வதே எனக்குப் பிடித்த வழி.

அளவை மாற்றும் ஆசை

தம்பிமாரோடு நான் அதிகம் சண்டை பிடிக்கிற இடம் இது. 19 அங்குல ரிம் போட்டால் கார் நிறுத்தியிருக்கும்போது அழகு, மறுக்கவில்லை. 245/35 ஆர்19 போட்டால் மொத்த உயரமும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் சுவர் 98இல் இருந்து 86 மில்லிமீற்றராகக் குறைந்துவிடும். பள்ளத்துக்கும் ரிம்முக்கும் நடுவில் இருந்த மெத்தையில் 12 மில்லிமீற்றரை நீங்களே காசு கொடுத்து வெட்டி எறிகிறீர்கள்.

நேர் எதிராகவும் செய்யலாம். கணக்கை ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள். 245/40 ஆர்18: ரிம் 457, இரண்டு சுவர் 196, மொத்தம் 653 மில்லிமீற்றர். 245/45 ஆர்17: ரிம் 432, இரண்டு சுவர் 220, மொத்தம் 652. உயரம் அப்படியே இருக்கிறது, வேகமானி பொய் சொல்லாது, சுவர் மட்டும் 12 மில்லிமீற்றர் தடிக்கிறது. பெரும்பாலும் விலையும் குறையும். தடை ஒன்றே ஒன்று: பிரேக் கலிப்பர், சில்லுக்குள் இருந்து பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம். என் காரைப் போல பெரிய பிரெம்போ பிரேக் இருந்தால் 17 அங்குல ரிம் உள்ளே இடிக்கலாம். ரிம்மை வாங்கும் முன் ஒரு தடவை மாட்டிச் சுழற்றிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும்.

"சேர், 40 இல்லை, 255/35 இருக்கு, போடுவமா?" என்று கடையில் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது 636 மில்லிமீற்றர்தான் வரும். கார் 17 மில்லிமீற்றர் சின்ன சில்லில் ஓடும், வேகமானி கூடுதலாகக் காட்டும், சுவரும் குறையும். அந்தக் கடையில் ஸ்டொக் குறைவதைத் தவிர வேறு பயன் இல்லை.

எந்த வகை?

வெளிநாட்டில் எழுதியதை வாசித்துவிட்டு வருபவர்களுக்கு 'சமர் டயர்' என்ற பெயரே ஒரு குழப்பம். 7 பாகைக்குக் கீழே போனால் அந்த ரப்பர் இறுகும் என்பதற்காகக் குளிர்நாட்டில் வேறு டயர் மாற்றுகிறார்கள். கொழும்பில் விடியப்புறம் கூட 22 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. நமக்கு ஆண்டு முழுக்க சமர்தான். 'ஓல் சீசன்' என்பது பனியையும் சமாளிக்க வேண்டும் என்று செய்த சமரசம்; நாம் பார்க்கப் போகாத பனிக்காக மழைப் பிடியை விட்டுக்கொடுக்கிறோம். பாவித்த ஜப்பான் டயர்களுக்குள் மலை உருவத்துக்குள் பனிப்பூ வரைந்த சின்னம் தெரிந்தால் கையில் எடுத்ததைக் கீழே வையுங்கள். அது பனிக்காகச் செய்த டயர், இந்த வெயிலில் அழிறப்பர் மாதிரித் தேயும்.

மீதி மூன்று கூட்டம். ஒன்று, பந்தயத் தடத்துக்காகப் பிறந்து வீதிக்கும் அனுமதி வாங்கியவை: பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஆர்.ஈ.-71ஆர்.எஸ்., யொக்கோஹாமா அட்வான் நியோவா ஏ.டி.09 போன்றவை. சுவரில் டிரெட்வெயர் 200 என்று இருக்கும்; அது தேய்மான எண், கூடக் கூட ஆயுள் கூடும். காய்ந்த வீதியில் இவற்றின் பிடியை அனுபவித்தவர்கள் விட மாட்டார்கள், எனக்கும் தெரியும். ஆனால் தினமும் ஓட்டுவதற்கு? இரைச்சல் பெரிது. வழியில் உள்ள கல்லையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து மட்கார்டில் அடிக்கும். பாதி தேய்ந்த பிறகு தேங்கிய நீரில் ஓட்டுவது, உண்மையைச் சொன்னால், பயமாக இருந்தது. கார் இரண்டு இருந்தால் போடுங்கள்.

இரண்டாவது கூட்டம், அதிசெயல்திறன் வீதி டயர்கள். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ், பைலட் ஸ்போர்ட் 5, கொன்டினென்டல் மேக்ஸ்கொன்டாக்ட் எம்.சி.7, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஸ்போர்ட், குட்இயர் ஈகிள் எஃப்1 அசிமெட்ரிக் வரிசை, யொக்கோஹாமா அட்வான் ஸ்போர்ட். உங்கள் டயர் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது. ஈரத்தில் நிற்கும் தூரம், சத்தம், ஆயுள் மூன்றும் ஒத்துப்போகிற இடம் இது. இவற்றுக்குள் எது உசத்தி என்ற வாக்குவாதத்தில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. உங்கள் அளவில், புதிய திகதியோடு, நான்கும் ஒரே மாதிரி கிடைப்பது எதுவோ அதுவே உங்களுக்கு முதலாவது. 1876இல் கம்பஹா ஹெனரத்கொடையில் ரப்பர் கன்று நட்ட நாடு இது. இருந்தும் 18, 19 அங்குல வேக டயர்கள் பெரும்பாலும் கப்பலில்தான் வருகின்றன. விரும்பிய மொடல் விரும்பிய மாதத்தில் இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆகவே 4 மில்லிமீற்றர் ஆழம் இருக்கும்போதே தேடத் தொடங்குங்கள். அவசரத்தில் போகிறவருக்குக் கடையில் இருப்பதுதான் கிடைக்கும்.

மூன்றாவது, சாதாரண குடும்பக் கார் டயர்கள். டிரெட்வெயர் 400, 500 என்று பெருமையாக எழுதியிருக்கும், நீண்ட நாள் உழைக்கும். ஆனால் 300 குதிரைத்திறன் இழுக்கும் காரில் அந்த நீண்ட ஆயுளுக்கு விலை ஈர வீதியில் நிற்கும் தூரம். இன்னொன்று: அந்த எண்ணை ஒவ்வொரு கொம்பனியும் தானே சோதித்துப் போடுகிறது. ஒரே கொம்பனியின் இரண்டு டயரை ஒப்பிட உதவும், வேறு வேறு கொம்பனிகளை ஒப்பிட அவ்வளவு உதவாது.

எத்தனை வாங்குவது?

நான்கு சில்லும் இழுக்கும் கார் என்றால் நான்கும் ஒன்றாக. டயர் தேயத் தேய சுற்றளவு குறையும். ஒன்று பெரிதும் மற்றவை சிறிதுமாக இருந்தால் சில்லுகளுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரென்ஷல் நாள் முழுக்க அந்த வித்தியாசத்தை அரைத்துக்கொண்டே இருக்கும். சுபாரு சொல்லும் எல்லை சுற்றளவில் கால் அங்குலம். ஆழத்தில் பார்த்தால் அது ஏறக்குறைய 1 மில்லிமீற்றர்தான். ஒரு டயர் வீங்கினால் மற்ற மூன்றும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று அளந்துவிட்டுத்தான் ஒன்று போதுமா என்று சொல்ல முடியும். இரண்டு சில்லு இழுக்கும் கார் என்றால் சோடியாக வாங்கலாம். அப்போது புதுச் சோடி பின்னால் போக வேண்டும், முன்சக்கர இழுவைக் காரிலும் அப்படித்தான். மழையில் முன்பக்கம் வழுக்கினால் கார் நேரே போகும், காலை எடுத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் கார் சுற்றிவிடும்.

கடையில்

காசு கொடுப்பதற்கு முன் திகதியைப் பாருங்கள். டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசியில் நான்கு இலக்கம் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். முழு வரியும் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும்; மறுபக்கத்தில் அதே எழுத்துகள் இலக்கம் இல்லாமல் பாதியில் நின்றுவிடும்.

இது தெரியாமல் நான் ஏமாறப் பார்த்தேன். 2023இல் ஒரு கடையில் நான்கு டயர் பேசி முடித்தாயிற்று. "சேர், புது ஸ்டொக், நேற்றுத்தான் இறங்கினது" என்றார். டயரில் மஞ்சள் கோடு, சின்ன ரப்பர் மயிர்கள் எல்லாம் இருந்தன, பார்க்கப் புதிதுதான். ஃபோன் வெளிச்சத்தில் சுவரைச் சுற்றிப் பார்த்தேன், திகதி இல்லை. புரட்டிப் போடச் சொன்னேன். கொஞ்சம் தயங்கிப் புரட்டினார். 3518. ஸ்டொக் நேற்று இறங்கியது உண்மையாகவே இருக்கலாம். டயர் பிறந்தது 2018 ஆவணியில். மாட்டிய பிறகு அந்தப் பக்கம் காருக்கு அடியில் போய்விடும், யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஒரு வருடம் வரை நான் யோசிக்காமல் வாங்குவேன். இரண்டு வருடம் என்றால், நிழலில் வைத்திருந்ததா என்று கேட்டு, விலையும் குறைத்துக் கேட்பேன். அதற்கு மேல் வேண்டாம். நெரிசலில் ஓடும் கார் ஆண்டுக்கு ஓடும் தூரம் கொஞ்சம், ஆகவே தேய்வதற்கு முன் வயதாகிவிடும். ஆறு வயதான டயரில் பள்ளம் எவ்வளவு மீதி இருந்தாலும் பள்ளத்தின் அடியில் மெல்லிய வெடிப்பு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பாவித்த டயரும் ரீபில்ட் டயரும் இந்த வகைக் காருக்கு வேண்டவே வேண்டாம்.

மாட்டும் போது பக்கத்தில் நில்லுங்கள்

டீ குடிக்கப் போய்விடாதீர்கள். இந்த டயர்களில் பல, உள்வெளி வித்தியாசம் உள்ளவை. சுவரில் 'அவுட்சைட்' என்று இருக்கும் பக்கம் வெளியே தெரிய வேண்டும். அம்புக்குறி இருந்தால் சில்லு உருளும் திசையைக் காட்ட வேண்டும். மாறிப் போட்டு அனுப்பிய காரைப் பார்த்திருக்கிறேன். ஓட்டியவருக்கு இரண்டு மாதம் தெரியவில்லை, மழை வந்தபோது தெரிந்தது. வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், சில்லறைக் காசுதான். காற்றழுத்த சென்சர் இருந்தால் முன்கூட்டியே பாஸிடம் சொல்லிவிடுங்கள், கம்பி போட்டு நெம்பும்போது உடையும்.

நட்டை இறுக்கும்போது காற்றுத் துப்பாக்கியால் கர்ர் என்று முடித்துவிடப் பார்ப்பார்கள். கடைசி இறுக்கம், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்சால் இருக்க வேண்டும். அளவு கார் மனுவலில் இருக்கும், பல கார்களில் 100 நியூட்டன் மீற்றரை ஒட்டி வரும். கூடுதலாக இறுக்கினால் நெடுஞ்சாலை ஓரத்தில் சில்லு கழற்ற வேண்டிய அன்றைக்கு முழு உடம்பையும் ஏற்றினாலும் நட்டு அசையாது.

அதே நாளில் எலைன்மென்ட். 'செய்தாச்சு' என்ற வார்த்தையோடு திருப்தி அடையாமல் சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். நான் சொன்ன அந்த உள் ஓரம் தேய்ந்த சோடிக்குக் காரணம் கேம்பர், அதாவது சில்லு மேலே உள்ளே சாய்ந்து நிற்பது, என்று நினைத்திருந்தேன். தாளைப் பார்த்தபோதுதான் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சில்லுகளின் முன்முனை திரும்பியிருக்கும் அளவு, வெளிப்பக்கம் விலகியிருந்தது தெரிந்தது. கேம்பர் மெதுவாகத் தின்னும். டோ வேகமாகத் தின்னும்.

நைட்ரஜன் இலவசமென்றால் அடித்துக்கொள்ளுங்கள். காசென்றால் வேண்டாம். சாதாரணக் காற்றிலேயே 78 வீதம் அதுதான்.

முதல் 300 கிலோமீற்றர்

புது டயரின் மேல் அச்சில் இருந்து வந்த வழுவழுப்பு இருக்கும். அது போகும் வரை, முக்கியமாக ஈரத்தில், காரை வேகமாக இழுக்காதீர்கள். 50, 100 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை டோர்க் ரெஞ்சால் ஒரு தடவை சரிபாருங்கள். பலன்சிங் பிழை, அதாவது சில்லின் எடை சுற்றிலும் சமமாக இல்லாதது, காலி வீதியில் தெரியாது, அந்த வேகத்துக்கு யாரும் உங்களை விட மாட்டார்கள். கொட்டாவையில் ஏறி 80ஐத் தாண்டும்போதுதான் ஸ்டியரிங் நடுங்கும். ஆகவே முதல் வாரத்திலேயே அதிவேக வீதியில் ஒரு சுற்றுப் போய்விட்டு, நடுக்கம் இருந்தால் பற்றுச்சீட்டோடு கடைக்குத் திரும்புங்கள்.

காற்றைக் காலையில், காரை எடுப்பதற்கு முன் பாருங்கள். பெற்றோல் ஷெட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகிவிடும். பகல் இரண்டு மணி வெயிலில் அளந்துவிட்டு, நான்கு பி.எஸ்.ஐ. கூட இருக்கிறதென்று திறந்துவிடுகிறவர்கள் மறுநாள் காலையில் காற்றுக் குறைந்த டயரில் பள்ளத்தில் விழுகிறார்கள். சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி டாஷ்போர்டுக்குள் வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும். நான் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போவதற்கு முன் பார்ப்பேன், இரண்டு நிமிட வேலை.